சர்வாதிகார நாட்டில் இருக்கும் தோழிக்கு என்ன சொல்வது?

எல்லோருக்கும் வணக்கம். என் தோழி ஒருத்தி, 20 வயது, சர்வாதிகார ஆட்சி நடக்கும் நாட்டில் வாழ்கிறாள். (எந்த நாடு என்று கேட்காதீர்கள், ப்ளீஸ்.) போனில் அரசியல் பக்கமே வர மாட்டாள். மெசேஜ்களைப் படித்த கையோடு அழித்துவிடுவாள்.

"எல்லாம் ஒருநாள் மாறும்" என்றால் அவளுக்கு எரிச்சல்தான் வருகிறது. அதனால் போன விடுமுறையில் நேரில் பார்த்தபோது நடந்த கதைகளைச் சொன்னேன். போர்ச்சுகலில் நாற்பது வருடத்துக்கு மேல் நீடித்த ஆட்சி 1974 ஏப்ரல் 25 அன்று ஒரே நாளில் கவிழ்ந்தது. சிலியில் 1988 வாக்கெடுப்பில், சர்வாதிகாரி பினோசெட் இன்னும் 8 வருடம் ஆள வேண்டாம் என்று சுமார் 56 சதவீதம் பேர் சொன்னார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, 1973-இல் போர்ச்சுகலின் லிஸ்பனில் இருந்த என் வயதுப் பெண் தினமும் எதை நம்பி எழுந்து காலேஜுக்குப் போனாள்?" என்றாள். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்படிப்பட்ட ஆட்சியில் இளமையைக் கழித்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இங்கே இருக்கிறீர்களா? யாரை நம்பிப் பேசினீர்கள், எதைப் படித்தீர்கள், மனசு விட்டுப்போன நாட்களில் என்ன செய்தீர்கள்? வீரக் கதைகள் வேண்டாம், சாதாரண நாட்களைப் பற்றி எழுதுங்கள். லிங்க் எதுவும் வேண்டாம். போனைச் சோதிப்பார்கள் என்று பயப்படுகிறாள். அடுத்த முறை பார்க்கும்போது நானே வாய்வழியாகச் சொல்லிக்கொள்கிறேன். வெளிப்படையாக எழுதத் தயக்கம் என்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.