அரசாணையை அடிக்குறிப்பில் எப்படிக் காட்டுவது?

ஆய்வுமேசை:
வணக்கம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை கொடுத்தது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்றாம் இயலை நெறியாளர் நேற்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அரசாணைகளுக்கு நான் போட்டிருந்த அடிக்குறிப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்து, "இதை வைத்துக்கொண்டு நான் எங்கே போய்த் தேடுவது?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். நான் எழுதியிருந்தது "தமிழ்நாடு அரசு, அரசாணை எண் 145, 2010", அவ்வளவுதான். சில இடத்தில் அதுவும் இல்லை, அரசு இணையதளத்தின் முகப்பு முகவரி மட்டும். பல்கலைக்கழகம் ஏபிஏ முறை (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) கேட்கிறது. அதில் நூலுக்கும் கட்டுரைக்கும் வழி தெளிவாக இருக்கிறது, அரசாணைக்கு எதைப் பின்பற்றுவது என்று புரியவில்லை. ஆசிரியர் பெயர் வரும் இடத்தில் கையெழுத்துப் போட்ட செயலாளரையா போடுவது? நாற்பது அரசாணைகளுக்கு மேல் இருக்கின்றன, பாதி வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்.

பழையகோப்பு:
உங்கள் நெறியாளர் கேட்டது நியாயம்தான். அரசாணை எண் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி, அதுவும் ஜனவரி பிறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஓடும். அதனால் 2010இல் 145 என்ற எண் பல துறைகளில் இருக்கும். நீங்கள் சொல்வது அரசாணை (நிலை) எண் 145, பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்த (எஸ்) துறை, நாள் 30.09.2010. இதில் ஒன்றைக்கூட விட முடியாது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் "நிலை"யைப் பலரும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், ஆனால் நிலை ஒரு வரிசை, வாலாயம் (வழக்கமான அலுவல் ஆணைகள்) வேறு வரிசை, ஒரே துறையில் ஒரே ஆண்டில் இரண்டிலும் 145 வரலாம். "எஸ்" என்பது கோப்பைக் கையாண்ட பிரிவு. தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கப்போனால் அந்த ஓரெழுத்து எவ்வளவு உதவும் என்று தெரியும்.

அரசாணையின் முதல் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேலே "சுருக்கம்", அதுதான் உங்களுக்குத் தலைப்பு. அப்புறம் துறை, எண், நாள். அதற்குக் கீழே "படிக்க" என்று முந்தைய ஆணைகளும் கடிதங்களும் வரிசையாக இருக்கும். அந்தப் பட்டியலில் இருப்பதை நேரில் பார்க்காமல் எடுத்து அடிக்குறிப்பில் போட்டுவிடாதீர்கள். பார்த்தது இந்த ஆணை என்றால் இதன் வழியாகத் தெரிந்தது என்றே எழுதுங்கள்.

நூலகமேசை:
செயலாளர் பெயர் வேண்டாம், அவர் ஆளுநரின் ஆணைப்படி கையெழுத்திடுகிறார். ஏபிஏ ஏழாம் பதிப்பில் வெளியிட்ட அலுவலகமே ஆசிரியர், அதற்கு மேலே உள்ள அமைப்பு பதிப்பாளர் இடத்துக்குப் போகும். ஆக துறையின் பெயர், அடைப்புக்குறியில் ஆண்டும் நாளும், சுருக்கத்தில் உள்ள தலைப்பு, அரசாணை எண், கடைசியில் தமிழ்நாடு அரசு. இணையத்தில் எடுத்திருந்தால் அந்தக் கோப்பின் நேர் முகவரி கொடுங்கள், முகப்பு முகவரி யாருக்கும் உதவாது.

இன்னொன்று. 20 சதவீதம் என்று எழுதும் இடத்தில் அரசாணையை மட்டும் காட்டினால் போதாது. அந்த உரிமை வருவது 2010ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 40இலிருந்து. 2020இல் அது திருத்தப்பட்டது, எனவே எந்த ஆண்டின் நிலவரத்தைப் பேசுகிறீர்களோ அப்போது நடப்பில் இருந்த வடிவத்தைக் காட்ட வேண்டும்.

ஆய்வுமேசை:
ரொம்ப நன்றி. துறை தெரியாமல் எண் மட்டும் வைத்திருப்பது பதினொன்று என்று இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். முன்னுரை இயலில் 1921 வகுப்புவாரி ஆணையும் வருகிறது, அதையும் இதே மாதிரி எழுதலாமா?

பழையகோப்பு:
613ஆம் எண், 16.09.1921. அதற்கு "தமிழ்நாடு அரசு" என்று போடாதீர்கள். மாநிலத்தின் பெயர் மாறியது 1969 ஜனவரி 14இல்தான், அதற்கு முந்தைய ஆவணங்களில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதே பெயரில், சென்னை அரசு என்றே இருக்கட்டும். துறைப் பெயரும் அப்படித்தான், இன்றைய பெயருக்கு மாற்றினால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோப்பை எடுக்கவே முடியாது. அங்கே போய்ப் பார்த்தீர்கள் என்றால் காப்பகத்தின் பெயரும் சேர்த்து எழுதுங்கள். பழைய கோப்பில் ஆணை இரண்டு பக்கம் இருக்கும், பின்னால் கடிதங்களும் குறிப்புகளும் கட்டுக்கட்டாக இருக்கும். நீங்கள் மேற்கோள் காட்டுவது ஒரு அதிகாரியின் கடிதம் என்றால், யார் யாருக்கு எந்த நாளில் எழுதியது என்பதை முதலில் சொல்லி, அப்புறம் அது இருக்கும் அரசாணை எண்ணைச் சொல்ல வேண்டும். அதிகாரியின் கருத்தை அரசின் ஆணையாக எழுதிவிட்டால் உங்கள் வாதமே சாய்ந்துவிடும்.

வாட்ஸ்அப் நகல் விஷயத்தில் எனக்கே அடி விழுந்திருக்கிறது. யாரோ மறுதட்டச்சு செய்து அனுப்பிய ஆணையை நம்பி ஒரு கட்டுரை எழுதினேன். அசலில் நான்காவது பத்தியின் கடைசி வரி ஒரு விதிவிலக்கு, நகலில் அது இல்லவே இல்லை. கட்டுரை அச்சேறிய பிறகுதான் தெரிந்தது, திருத்தக் குறிப்பு கேட்டு எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பதினொன்றுக்கும் முதலில் துறையைக் கண்டுபிடியுங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் துறையின் தளத்தில் உள்ள ஸ்கேன் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கிடைக்காததற்கு அந்தந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள், பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதனால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.