என் முகத்தைப் பார்த்தா முறைப்பாட்டை எடுப்பது?

கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலையில் நாலு வருடமாக மெஷினில் இருக்கிறேன். வயது 43. 2009இல் மாத்தளனில் ஷெல் பட்டு இடது கன்னத்தில் தழும்பு, வாயும் கொஞ்சம் கோணல். எங்கள் லைன் சுப்பர்வைசர் நூல் பார்க்கிற சாட்டில் பின்னால் வந்து முதுகைத் தடவுவார். மூன்றாம் தரம் நடந்த அன்றே அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வடிவான பிள்ளையள் இத்தனை பேர் இருக்க, அவர் ஏனக்கா உங்களிட்ட வாறார்?" என்று கேட்டார்.

போன மாதம் இதே ஆளைப் பற்றி 22 வயதுப் பிள்ளை ஒருத்தி சொன்னபோது, "பவுடர் பூசி மினுக்கிக்கொண்டு வந்தால் அப்படித்தான்" என்றார்களாம். வடிவென்றால் அவளில் பிழை, வடிவில்லையென்றால் நான் சொல்வது பொய். அவருடைய கையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை. வேலையும் போகக்கூடாது, மகள் ஏ/எல் படிக்கிறாள். எங்கே போய்ச் சொல்ல?

பதில் (வவுனியா):
அக்கா, தண்டனைச் சட்டக்கோவையில் பாலியல் தொந்தரவு பற்றிய 345ஆம் பிரிவைக் காட்டுங்கள். 1995இல் திருத்தியது, ஐந்து வருடம் வரை சிறை. வேலையிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ செய்தாலும் குற்றம் என்று அதிலேயே இருக்கிறது. வயது, வடிவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவுக்குப் போங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்பாதீர்கள். தனியாகப் போகப் பயமென்றால் முதலில் 1938க்கு எடுங்கள், பெண்களுக்கான உதவி இலக்கம்.

பதில் (முல்லைத்தீவு):
அந்தப் பிரிவில் "ஆள்" என்றுதான் இருக்கிறது, பெண் என்று இல்லை. நான் ஆண். ஒரு கடையில் வேலை செய்தபோது முதலாளி என்னிடம் கைவைத்தார். ஊர்ப் பெரியவரிடம் சொன்னேன். "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்னடா நட்டம்?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீங்கள் விடாதீர்கள் அக்கா.

கேட்டவர்:
தம்பி, உங்களுக்கு நடந்ததும் குற்றம்தான். நேற்று அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய் முதலில் மறித்தா, பிறகு தேத்தண்ணி தந்தா. என் மகளின் பழைய கொப்பியில் மூன்று திகதிகளையும் நேரத்தையும் நான் எழுதினேன், அவள் தன்னுடையதை அதன் கீழே எழுதினாள். திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு இரண்டு பேருமாகப் போகிறோம்.