ஜீவனாம்சம் கூட்டிக் கேட்க லாயர் வேணுமா, நாமே போகலாமா?

ஜெலுத்தோங் அம்மா:
2015-இல் விவாகரத்து ஆனப்போ ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து மாசம் 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஜீவனாம்சம்னு உத்தரவு. அப்போ சின்னவனுக்குப் பால்மாவுதான் பெரிய செலவு. இப்போ பெரியவள் படிவம் 5, டியூஷனுக்கே 280 போகுது. அவங்கப்பா சம்பளம் ஏறிடுச்சு, 500 அப்படியே நிக்குது. மகளுக்கு 18 ஆனதும் நிறுத்திடுவேன்னும் சொல்றார். லாயருக்குக் கொடுக்க என்கிட்ட காசு இல்லை. பினாங்கு லெபோ லைட் கோர்ட்டுக்கு நானே போறேன்.

செந்தூல் அண்ணன்:
வேணாம் தங்கச்சி. வேலை போனப்போ தொகையைக் குறைக்கச் சொல்லி கோலாலம்பூர் ஜாலான் டூத்தா கோர்ட்டுக்கு நானும் தனியாத்தான் போனேன். அபிடவிட்ல, அதான் சத்தியப் பிரமாணப் பத்திரத்துல, கல்யாண நாள்ல ஆரம்பிச்சுப் பத்துப் பக்கம் என் மனக்குறையைக் கொட்டினேன். அவங்க லாயர் எழுந்து, நிலைமை மாறினதுக்கு ஆதாரம் எங்கேன்னு கேட்டார். வேலை நிறுத்தக் கடிதத்தை நான் இணைக்கவே இல்லை. மனு தள்ளுபடி.

ஜெலுத்தோங் அம்மா:
அப்போ உங்களைத் தோற்கடிச்சது அந்த ஒரு கடிதம்தானே அண்ணே? நம்ம கல்யாண, விவாகரத்துச் சட்டம் (சட்டம் 164), பிரிவு 96 கேட்கிறதும் அதைத்தான்: உத்தரவுக்கு அப்புறம் நிலைமை பெருசா மாறியிருக்கணும். என்கிட்ட ஒரு பிஸ்கட் டின் நிறைய ரசீது இருக்கு. கிளினிக் ரசீதெல்லாம் எழுத்து மங்கி வெள்ளைத்தாள் ஆகிட்டு வருது, அதனால ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொண்ணா போட்டோஸ்டேட் எடுத்து, மாச வாரியா அடுக்குறேன். என் பிள்ளைக்கு என்ன செலவுன்னு என்னைவிட எந்த லாயருக்குத் தெரியும்?

செந்தூல் அண்ணன்:
உங்க செலவு உங்களுக்குத் தெரியும். அவர் வருமானம்? அதை வெளியே கொண்டுவரத்தான் லாயர் வேணும். அவர் கண்ணெதிரே பொய் சொல்லும்போது குரல் நடுங்காம மலாய்ல பதில் சொல்லணும். எனக்கு முடியலை.

ஈப்போ ரோடு அக்கா:
தம்பி சொல்றதுல பாதி நியாயம். ஆனா கையில காசில்லாத தாயை லாயர் வைன்னு சொல்லி அனுப்புறது, போகாதேன்னு சொல்றதுக்குச் சமம். முதல்ல சட்ட உதவித் துறைக்குப் போம்மா, வருமானத்தைப் பார்த்து உதவுவாங்க. அப்புறம் அந்த 18: 2018 டிசம்பர் 15-இலிருந்து சட்டம் மாறிடுச்சு, பிள்ளை மேல்படிப்பு முடிக்கிற வரைக்கும் ஜீவனாம்சம் உண்டு. உன் உத்தரவு அதுக்கு முந்தினது, அதனால மனுவுலயே அதையும் தெளிவா கேட்டுடு.

ஜெலுத்தோங் அம்மா:
நாளைக்கே போறேன் அக்கா. உதவி கிடைக்கலைன்னாலும் மனு போட்டே தீருவேன். மகள்தான் ரசீதையெல்லாம் தாள்ல ஒட்டிக் கொடுக்கிறா.

செந்தூல் அண்ணன்:
அது மட்டும் வேணாம்மா. என் அபிடவிட்டை மகன் எடுத்துப் படிச்சுட்டான். ஆறு மாசம் என்கிட்ட பேசலை.

ஜெலுத்தோங் அம்மா:
சரிண்ணே. டின்னை இப்பவே அலமாரி மேல தூக்கி வெச்சுட்டேன்.