புதுப்பிப்பு: ரோபோ புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு சிறுநீர் டியூப்

புராஸ்டேட் புற்றுநோய்க்கான ரோபோ அறுவை பற்றிய என் முந்தைய பதிவில், சிறுநீர் டியூபை ஏழாம் நாள் எடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும். பொதுவாக 7 முதல் 10 நாள். உள்ளே போட்ட தையலில் கசிவு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டியூப் ஓரமாகச் சிறுநீர் ஒழுகுவது பற்றித்தான். டியூபோடு வெளியே மாட்டியிருக்கும் பையும் நிரம்பிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் சிறுநீர்ப்பைத் தசை திடீர் திடீரென்று இறுகுவது, மாத்திரை உண்டு. பை காலி, அடிவயிறு கல் மாதிரி என்றால் அடைப்பு. முதலில் தொடைக்கடியில் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போங்கள். தெருமுனை கிளினிக்கில் டியூபை மாற்றவே கூடாது. டியூப் போகும் வழியில்தான், புராஸ்டேட்டை எடுத்தபின் சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க்குழாயையும் தைத்து இணைத்த இடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு புது டியூபைத் தள்ளினால் தையல் பிய்ந்துவிடும். உங்களைப் பற்றித் தெரியாத டாக்டரிடம் காட்ட டிஸ்சார்ஜ் சம்மரி கையிலேயே இருக்கட்டும்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. ஆட்டோவில் ஏறும்போது மடியில் தூக்கி வைப்பார்கள், சிறுநீர் திரும்பி ஏறும். சென்னை வெயிலுக்குத் தண்ணீரும் தாராளமாக வேண்டும், டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர. மலச்சிக்கலுக்கு எனிமா வேண்டாம், மலக்குடல் அந்தத் தையலை ஒட்டியே இருக்கிறது.

தோள்வலி? அறுவையின்போது வயிற்றில் நிரப்பிய வாயுவின் மிச்சம், ஓரிரு நாளில் போய்விடும். கெண்டைக்காலில் ஒருபக்க வீக்கம் அப்படியல்ல, அன்றே காட்டுங்கள்.

செலவு கேட்டவர்களுக்கு: சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையிலும் 2022 முதல் ரோபோ அறுவை மையம் இருக்கிறது.