பழைய டியூப்லைட் பட்டியில் எல்.இ.டி. குழல்: சோக்கைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி (மேற்கு மாம்பலம்):
எங்கள் வீட்டில் நான்கு அடி டியூப்லைட்டுகள் நான்கு இருக்கின்றன. எல்லாம் 36 வாட், பழைய கனமான சோக்கும் ஸ்டார்ட்டரும் கொண்டவை. இவற்றுக்குப் பதிலாக 20 வாட் எல்.இ.டி. குழல்கள் வாங்கி வந்தேன். பட்டியை அப்படியே விட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். சோக்கைக் கழற்றி நேரடியாக வயர் கொடுக்காவிட்டால் வேலையைக் கைவிட்டுவிடுவேன் என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் சொல்வதை ஏற்பது? மாற்றுவதால் மின்கட்டணத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு ஏதேனும் குறையுமா?

மறுமொழி (பெரம்பூர்):
ஐயா, இருவர் சொல்வதும் ஒவ்வொரு வகைக் குழலுக்குச் சரி. ஆகவே முதலில் உறையில் அச்சிட்டிருக்கும் வயரிங் படத்தைப் பாருங்கள். சில குழல்களுக்கு ஒரு முனையில் ஃபேஸும் (மின்சாரம் வரும் கம்பி) மறுமுனையில் நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) வர வேண்டும். ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டால் பழைய பட்டியில் கிடைப்பது இந்த இணைப்புதான், சோக் வெறுமனே வழியில் நிற்கும். வேறு சிலவற்றுக்கு இரண்டும் ஒரே முனையில் வர வேண்டும். இன்னும் சிலவற்றுடன் ஸ்டார்ட்டர் வடிவில் ஒரு சிறு உருளை தருவார்கள். அதனுள் இருப்பது ஃபியூஸ் மட்டுமே, பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு அதைப் பொருத்த வேண்டும். ஒரு வகைக்குரிய இணைப்பில் மற்றொன்றைப் பொருத்தினால் விளக்கு எரியாமல் போகலாம், நேர் ஷார்ட்டும் ஆகலாம்.

என் சொந்தக் கருத்து, கழற்றிவிடுவதே நல்லது. எல்.இ.டி. இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் சோக்கில் வீணாகும் மின்சாரமும் மிகக் குறைவுதான். ஆனால் இருபது ஆண்டு ரீங்காரமிட்ட சோக்கைக் காரணமின்றி மின்பாதையில் வைத்திருப்பானேன்? கழற்றிய பிறகு பட்டியின் மேல் 'எல்.இ.டி. மட்டும்' என்று எழுதி ஒட்டுங்கள். ஒரே முனையில் இணைப்புக் கொடுத்த பட்டியில் பின்னாளில் யாரேனும் பழைய குழலைச் செருகினால், அதன் இழைக்குள் 230 வோல்ட் நேராகப் பாய்ந்துவிடும்.

கட்டணக் கணக்கு இது. 36 வாட் குழல் சோக்கையும் சேர்த்து ஏறத்தாழ 48 வாட் இழுக்கும். புதியது 20 வாட். நாளுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில் குழலுக்குப் பத்து யூனிட் மிச்சம், நான்குக்கும் சேர்த்து நாற்பது. உங்கள் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்குமானால் இது சிறிய தொகையன்று, ஏனெனில் அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது.

மறுமொழி (வேளச்சேரி):
இத்தனை பாடுபடுவதற்குப் பட்டியும் குழலும் ஒன்றாகவே வரும் எல்.இ.டி. பட்டியை வாங்கிவிடலாமே. பழைய ஹோல்டர்கள் வெயிலிலும் உப்புக் காற்றிலும் தளர்ந்திருந்தால், புதுக் குழலும் மினுக்கும். மற்றொன்று, பழைய குழல் எல்லாப் பக்கமும் ஒளி வீசியது, எல்.இ.டி. கீழ்நோக்கியே வீசுவதால் மேற்கூரை சற்று இருண்டு தெரியும், ஆகவே வாட்டைப் பார்க்காமல், ஒளியின் அளவைக் காட்டும் லூமனைப் பாருங்கள். கழற்றிய குழல்களை உடைத்துக் குப்பையில் போட வேண்டாம், உள்ளே சிறிதளவு பாதரசம் உண்டு. அந்தப் பாதரசத்தின் பொருட்டே இவ்வகைக் குழல்களின் உற்பத்தியை 2027 முடிவுக்குள் நிறுத்துவதென 2023இல், பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சோக்கைக் கழற்றி மாற்றியாயிற்று. மூன்று குழல்கள் செம்மையாக எரிகின்றன. கூடத்தில் உள்ளது மட்டும், சுவிட்சை அணைத்த பின்பும் இரவில் மின்மினிபோல் மங்கலாக ஒளிர்கிறது. குழல் பழுதா?

மறுமொழி (பெரம்பூர்):
குழலின் குற்றமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தச் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கலாம். பழைய வீடுகளில் இப்படிப் பார்த்திருக்கிறேன். அணைத்த பின்பும் இப்படிக் கசியும் சிறு மின்சாரம் முன்பிருந்த குழலை எரியவைக்கப் போதாது என்பதால் யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும். சுவிட்சில் சிறு சிவப்பு விளக்கு இருந்தாலும் இப்படி ஆகும். அது இல்லையென்றால், அணைத்த நிலையிலும் பட்டியில் ஃபேஸ் இருக்கக்கூடும். எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரால் பார்த்துச் சரிசெய்யும் வரை, மெயின் சுவிட்சை அணைக்காமல் அந்தப் பட்டியைத் துடைக்கவோ குழலைத் தொடவோ வேண்டாம்.