இனவழிச் சமன்செய்நீதி: ஒரு சொல்லுக்கான முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வேளாண்மையில் கறுப்பின உழவர்கள் நிலம் இழந்த வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1920ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 9,25,000 பேராக இருந்தவர்கள், கணக்கெடுக்கும் முறை இடையில் மாறிய பிறகும், 2022இல் 50,000 பேருக்கும் குறைவு. இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் 'ரேஷியல் ஈக்விட்டி' என்னும் தொடரை முதல் வரைவில் 'இனச் சமத்துவம்' என்று எழுதினேன். 2021ஆம் ஆண்டுக்கு வந்ததும் அந்தச் சொல் கைவிட்டுவிட்டது.

அவ்வாண்டு அமெரிக்க நாடாளுமன்றம், இனப் பாகுபாட்டுக்கு ஆளாகிவந்த உழவர் பிரிவுகளின் அரசுக் கடனைத் தள்ளுபடி செய்வதற்கென ஏறத்தாழ 400 கோடி டாலர் ஒதுக்கியது. வெள்ளையின உழவர்கள் பலர், சட்டம் அனைவருக்கும் சமமான பாதுகாப்பை அளிக்க வேண்டும் என்னும் அரசமைப்புக் கோட்பாட்டைக் காட்டி வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றங்கள் திட்டத்தை நிறுத்திவைத்தன. 2022இல் அந்தச் சட்டப்பிரிவே நீக்கப்பட்டு, இனத்தை அளவுகோலாகக் கொள்ளாமல், வேளாண் துறையின் கடன் வழங்கலில் பாகுபாட்டுக்கு ஆளான எவரும் விண்ணப்பிக்கக்கூடிய 220 கோடி டாலர் திட்டம் வந்தது. இதை என் வரைவின் சொல்லால் எழுதினால், 'சமத்துவத்துக்கான திட்டத்தைச் சமத்துவ உரிமை தடுத்தது' என்றாகிறது. படிப்பவர் அச்சுப்பிழை என்றே எண்ணுவார். இரண்டு கருத்துகள் மோதிக்கொண்டதுதான் வழக்கு என்னும்போது இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அதை விளக்க முடியாது.

அனைவரையும் ஒரே விதியின்கீழ் நிறுத்துவது சமத்துவம். ஆனால் இனத்தின் பெயரையே எடுக்காத விதியும் இனத்தைப் பிரித்துவிடும். 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் தரச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும் மிகைநேர ஊதியத்தையும் உறுதிசெய்தபோது பண்ணைத் தொழிலாளர்களை வெளியே விட்டது; தென் மாநிலங்களின் கறுப்பின உழைப்பாளர்களில் மிகப் பலர் பண்ணை வேலையில் இருந்த காலம் அது. குறைந்தபட்சக் கூலி அவர்களுக்கு 1966ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான், அதுவும் ஓரளவே, கிடைத்தது. மிகைநேர ஊதியம் கூட்டாட்சிச் சட்டத்தில் இன்றும் இல்லை. கறுப்பின உழவர்கள் அமெரிக்க வேளாண் துறைமீது தொடுத்து, 1999இல் உடன்பாட்டில் முடிந்த பிக்ஃபர்ட் வழக்கும் இத்தகையதுதான். கடன் விண்ணப்பங்கள் கிடப்பில் போடப்பட்டன, விதைப்புப் பருவம் கடந்த பிறகே பணம் வந்தது, முறையிட்டவர்களின் மனுக்களை யாரும் விசாரிக்கவில்லை என்பவை அவர்கள் அங்கே வைத்த குற்றச்சாட்டுகள். இனிமேல் எல்லாருடைய விண்ணப்பத்தையும் ஒரே வரிசையில் வைப்போம் என்று சொல்வது, ஏலத்தில் போன நிலத்துக்குப் பதிலாகாது. முன்னர் ஏற்பட்ட சாய்வைக் கணக்கில் கொண்டு பங்கிடுவதையே ஈக்விட்டி என்கிறார்கள்.

கைவசம் உள்ள சொற்களைப் பார்த்தேன். 'நேர்மை' தனிமனிதக் குணமாகிவிட்டது. தொழிலாளருக்கு உரிய கூலி கொடுத்து விளைவித்த தக்காளியை 'நேர்மையான தக்காளி' என்று எழுதினால் தக்காளி பொய் சொல்லாது என்றுதான் பொருள்படும். 'நியாயம்' நல்ல சொல், ஆனால் அதை 'ஃபேர்' என்பதற்கு விட்டுவைக்க வேண்டும். ஃபுளோரிடாவின் இம்மோகலீ பகுதித் தக்காளிப் பண்ணைத் தொழிலாளர்கள், வாங்கும் பெருநிறுவனங்களிடம் தக்காளி ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கேட்டுப் பெற்றார்களே, அதை நியாய விலை, நியாயக் கூலி என்று தயக்கமின்றி எழுதலாம். 'ஒப்புரவு' என் மனத்துக்கு மிக நெருங்கியது. ஆயினும் குறளில் அது ஊருக்கு உதவும் கடப்பாடாகவும், கிறித்தவத் தமிழில் பகை நீங்கி இணைவதாகவும் வேரூன்றிவிட்டது. இழப்பு ஈடுசெய்யப்படும் முன்பே இணக்கத்தைப் பேசும் சொல் இங்கே பொருந்தாது.

எனவே 'சமன்செய்நீதி' என்பதை முன்வைக்கிறேன். துலாக்கோல் தன்னை முதலில் சமன்செய்துகொண்டு பிறகே பொருளைச் சீர்தூக்குகிறது என்று வள்ளுவர் சொன்ன வரிசையே இதற்கு அடிப்படை. வினைத்தொகையாதலால் சமன்செய்த, செய்கின்ற, செய்யும் நீதி என முக்காலமும் இதில் அடங்கும்.

*

ஐயா, வணக்கம்.

சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, 'இன' என்னும் அடைமொழி. வேளாண்மைக் கட்டுரையில் இனம் என்றால் ஆட்டினமும் மாட்டினமும் பயிரினமுமே முதலில் தோன்றும். 'வேளாண்மையில் இன நீதி' என்னும் தலைப்பை விதைத் தேர்வு பற்றியது என்று யாரேனும் நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. 'நிறவழி' என்று மாற்றலாமா என்று யோசித்தேன். ஆனால் 1913இல் கலிபோர்னியா, குடியுரிமை பெற முடியாதவர்கள் விளைநிலம் வாங்கக் கூடாது என்று சட்டமியற்றி ஜப்பானியரைத் தடுத்ததையும், அமெரிக்கத் தொல்குடி உழவர்கள் வேளாண் துறைமீது தொடுத்த கீப்ஸ்ஈகிள் வழக்கையும் நிறம் என்னும் சொல்லுக்குள் அடைப்பது வலிந்த செயலாகும். 'இனவழி' என்று எழுதினால் பயிரினக் குழப்பம் பெரும்பாலும் நீங்கும்.

இரண்டாவது, நிலத்தைச் சமன்செய்வது என்றால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவது. ஒருவரிடமிருந்து பறித்து மற்றவருக்குக் கொடுப்பது என்னும் எதிர்த்தரப்பு வாதத்தை இந்தச் சொல்லே தூக்கிக் கொடுத்துவிடாதா?

இதனோடு தொடர்புடைய ஒன்றையும் சேர்த்துக்கொள்க. அமெரிக்க வேளாண் துறை 2025ஆம் ஆண்டு வரை தன் திட்டங்களில் பயன்படுத்திவந்த 'சோஷியலி டிஸ்அட்வான்டேஜ்ட்' என்னும் உழவர் வகைப்பாட்டைப் 'பின்தங்கிய' என்று மொழிபெயர்ப்பது வழக்கமாகி வருகிறது. ஓட்டத்தில் தாமாகக் களைத்தவரும் பின்தங்கியவரே. 'பின்தள்ளப்பட்ட' என்பதே அங்கே உண்மைக்கு நெருக்கமானது.

*

அம்மா, வணக்கம்.

'இனவழி', 'பின்தள்ளப்பட்ட' இரண்டையும் ஏற்கிறேன். இரண்டாவது தடையை மட்டும் ஏற்கத் தயக்கமாக உள்ளது. பரம்படித்துச் சமன்செய்த வயலில் மண் வயலுக்குள்ளேயே இருக்கிறது. மாறுவது தண்ணீர் போய்ச் சேரும் இடம். எதிர்த்தரப்பின் ஐயம் சொல்லிலேயே தெரிவதும் குறையன்று, ஏனெனில் அந்த ஐயம்தான் நீதிமன்றம் வரை போனது.

சொல் கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். சமன்செய் கடன், சமன்செய் பங்கீடு, சமன்செய் கொள்முதல் என இயல்பாக வருகிறது. நிறுவனப் பங்கைக் குறிக்கும் ஈக்விட்டிக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குப் 'பங்கு' இருக்கிறது.

உயிலின்றி இறந்தவரின் நிலம் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாகி, அவர்களில் ஒருவரின் சிறு பங்கை வெளியாள் வாங்கி, நீதிமன்றத்தின் வழியாக முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவது கறுப்பினக் குடும்பங்கள் நிலம் இழந்த முக்கிய வழிகளுள் ஒன்று. அத்தகைய நிலத்துக்குப் 'பாகம்பிரியா நிலம்' என்று எழுதியிருக்கிறேன். பத்திரப் பதிவுத் தமிழ் அறிந்தவர்கள் இதைச் சரிபார்த்துத் தனி இழையில் எழுதினால் அடுத்த வரைவில் சேர்த்துக்கொள்வேன்.