அலைச்சார்பு வெறும் தகவல்தான் என்றால், யாருடைய தகவல்?

கேள்வி:
பொறியியல் படித்தவன், இயற்பியலில் அரைகுறை. அலைச்சார்பு (குவாண்டம் இயற்பியலில் ஒரு துகளின் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு) என்பது துகளைப் பற்றி நமக்குத் தெரிந்த தகவல்தான், அளந்தால் தகவல் மாறுகிறது, இதில் மர்மமே இல்லை என்கிறார்கள் சிலர். இயற்பியலாளர் ஜான் வீலர் இன்னும் ஒருபடி மேலே போய், பொருளே தகவலிலிருந்துதான் வருகிறது என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னொரு இயற்பியலாளர் ஜான் பெல் கேட்டதுதான் எனக்கும் உறுத்துகிறது: யாருடைய தகவல், எதைப் பற்றிய தகவல்? மனிதனே இல்லாத காலத்திலும் சூரியனுக்குள் அணுக்கரு இணைவு நடந்ததே, அதற்கும் குவாண்டம் ஊடுருவல் (போதிய ஆற்றல் இல்லாமலே துகள் ஒரு தடையைக் கடப்பது) வேண்டுமே, அப்போது யார் தகவல் வைத்திருந்தார்கள்?

பதில் 1:
"யாருடைய" என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வியன்னாவில் 1999ல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து மூலக்கூறுகளைக் கீற்றணி (மிக நெருக்கமான பிளவுகளின் வரிசை) வழியே அனுப்பிக் குறுக்கீட்டுக் கோலம் (பல பிளவுகள் வழியே வரும் அலைகள் கலந்து உண்டாக்கும் மேடுபள்ளக் கோலம்) பார்த்தார்கள். அவை அடுப்பிலிருந்து வந்தவை, 900 கெல்வின் சூடு, ஆனாலும் கோலம் அழியவில்லை. 2004ல் 70 கார்பன் மூலக்கூறுகளை லேசரால் மேலும் மேலும் சூடாக்கினார்கள். கோலம் மெல்ல மங்கி, 3000 கெல்வினை நெருங்கும்போது கிட்டத்தட்ட காணாமலே போனது. காரணம், சூடான மூலக்கூறு ஒளியை உமிழ்கிறது. 900 கெல்வினில் அந்த ஒளியின் அலைநீளம் மூலக்கூறு போகக்கூடிய பாதைகளின் இடைவெளியைவிட மிகப் பெரியது, எந்தப் பாதை என்று அது காட்டிக்கொடுக்காது. சூடு ஏற ஏற ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) கூடுகின்றன, அலைநீளமும் குறைகிறது, துப்பு கசிகிறது. அந்த ஃபோட்டான்களை யாரும் பிடிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை, எங்கோ சுவரில் பட்டுப் போயிருக்கும். ஆக, தகவல் என்பது இங்கே யார் மண்டைக்குள்ளும் இல்லை, மூலக்கூறுக்கும் ஃபோட்டானுக்கும் இடையில் விழுந்த முடிச்சு (ஒன்றின் நிலை மற்றதன் நிலையோடு பிணைந்துவிடுவது), அவ்வளவுதான். உங்கள் சூரியனுக்கும் ஆள் தேவையில்லை.

பதில் 2:
பாதிதான் சரி. தடம் பதிந்ததால் கோலம் மறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறைந்த பிறகும் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே ஒரு இடத்தில்தான் சிக்குகிறது. ஏன் அந்த இடம்? இதற்கு உங்கள் முடிச்சு பதில் சொல்லாது. க்யூபிசக்காரர்கள் (QBism, குவாண்டம் நிகழ்தகவைத் தனிநபரின் நம்பிக்கை அளவாகப் பார்ப்பவர்கள்) இங்கேதான் நுழைகிறார்கள்: அலைச்சார்பு என் பந்தயக் கணக்கு, நாளை மழைக்கு 70 சதவீதம் வாய்ப்பு என்பது மேகத்தில் எழுதியிருப்பதல்ல, அதுபோல. எனக்கு அது பிடிக்கும், முழுதாக நம்புகிறேனா என்றால் இல்லை. 2012ல் பியூசி, பாரெட், ருடால்ஃப் மூவரும் ஒரு தேற்றம் வெளியிட்டார்கள். அடியில் ஒரு உண்மை நிலை இருக்கிறது, தனித்தனியாகத் தயாரித்த துகள்களின் நிலைகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டால், அலைச்சார்பு அந்த நிலையைப் பற்றிய நம் அறியாமையாக மட்டும் இருக்க முடியாது. க்யூபிசக்காரர்கள் அப்படியொரு அடிநிலையையே ஏற்பதில்லை, அதனால் தப்பித்துக்கொள்கிறார்கள். அந்த விலை கொடுக்க உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் கேள்வி.

கேள்வி கேட்டவர்:
சம்மதமில்லை என்றுதான் தோன்றுகிறது, யோசிக்கிறேன். இன்னொரு சந்தேகம். சுவரில் படுவதற்கு முன் அந்த ஃபோட்டானைப் பிடித்து, பாதைத் துப்பை மட்டும் அழித்துவிட்டால் கோலம் திரும்பி வருமா?

பதில் 1:
மொத்தமாகப் பார்த்தால் வராது. ஃபோட்டானில் கிடைத்த விடையை வைத்து மூலக்கூறுகளைப் பிரித்து அடுக்கினால், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கோலம் தெரியும். இரண்டையும் சேர்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரப்பி மறுபடி மொழுமொழுவென்று ஆகிவிடும். குவாண்டம் அழிப்பான் சோதனைகளில் ஒளித்துகள்களை வைத்து இதைத்தான் காட்டியிருக்கிறார்கள்.